ஐந்து நாளாக நிற்காத பிரஸ்

மகளுக்குத் தலை பின்னிவிடுவது அந்த வீட்டில் அப்பாவின் வேலை. அம்மா பின்னினால் ஒரு சடை தூக்கிக்கொண்டும் ஒரு சடை தொங்கிக்கொண்டும் இருக்கும். நாள் முழுக்க மயிரிழைக் கோடுகளில் சர்க்யூட் வரைகிறவளுக்கு நிஜ மயிர் மட்டும் கைக்கு அடங்காது. அவனுக்கோ விரல் பத்தும் சொன்னபடி கேட்கும். தகடு அமுக்கும் பிரஸ்ஸில் பதினான்கு வருஷமாக நிற்பவன் அவன். அந்தத் தொழிலில் பத்து விரலோடு பதினான்கு வருஷம் நிற்பது லேசான காரியமில்லை என்று அந்தப் பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சிலர் கையைக் காட்டியே சொல்வார்கள்.

"அப்பா, இன்னைக்கு ஓட்டப்பந்தயம் இருக்கு. அவுந்துடாதுல்ல?"

"கேரண்டி."

எதற்கெடுத்தாலும் அவனுக்குக் கேரண்டிதான். மழை வராது, கேரண்டி. பஸ் கிடைக்கும், கேரண்டி. மழையும் வரும், பஸ்ஸும் போய்விடும், அது வேறு விஷயம். பட்டறையில் அவனுக்குப் பெயரே கேரண்டி என்று ஆகிவிட்டது.

ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டே அவன் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான். "உன் புது சர்க்யூட் கார்டு, சும்மா சொல்லக்கூடாது. போட்டு அஞ்சு நாளாச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட மிஷின் நிக்கல. இன்னைக்குப் பதினொன்றரைக்கு வெளியில இருந்து ஆளுங்க பாக்க வர்றாங்க. சூப்பர்வைசர் என்னைத்தான் செஞ்சு காட்டச் சொல்லியிருக்காரு."

"என்னத்தக் காட்டப் போறீங்க?"

"கைய விட்டுக் காட்டப்போறேன். அதுக்குன்னு கோல் ஒன்னு மாட்டி வெச்சிருக்கு. கோலை விட்டுக் காட்டினா எவன் நம்புவான்? கைய விட்டாத்தான் மூச்சு விடாம பாப்பான்."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடியபடி சிரித்தாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் வேலையை அவன் இப்படி வாய்விட்டுப் புகழ்ந்தது குறைவு. உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று, அதை மறைப்பானேன்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு சட்டங்கள் நிற்கும். ஒன்றில் மேலிருந்து கீழ்வரை எல்இடிகள், எதிர்ச் சட்டத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் சென்சார்கள். எல்இடி சிமிட்டிச் சிமிட்டி விடுவது அகச்சிவப்பு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாது. நடுவில் கை போனால் வெளிச்சம் மறையும், மறைந்த மாத்திரத்தில் பிரஸ் நிற்கும், சட்டத்தின் தலையிலுள்ள பச்சை விளக்கு சிவப்பாகும். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி. இந்த வேலியைச் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் சர்க்யூட் வரைகிற ஒரே ஆள் அவள். கணவன் பட்டறைக்கு அந்த வேலி போனதுகூட அவன் சூப்பர்வைசரிடம் நச்சரித்து வாங்கிவைத்ததுதான்.

போன வேலி ஒழுங்காகத்தான் வேலை செய்தது, பக்கத்தில் வெல்டிங் பிரிவு வரும்வரை. வெல்டிங் பொறி தாழ்வாகப் பறக்கும்போதெல்லாம் வேலியின் கீழ்ப்பாதிச் சென்சார்களுக்குக் கண் கூசிவிடும். எல்இடி கண் சிமிட்டுவது அந்த வெளிச்ச வெள்ளத்தில் தெரியாது. கை வந்துவிட்டதாக நினைத்துப் பிரஸ்ஸை நிறுத்திவிடும். நாளைக்கு நாற்பது தடவை. புலி வருது, புலி வருது என்று சும்மா கூவினால் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்கள்?

"உன் பொட்டி என்னைக் கிறுக்கனாக்குது," என்றான் ஒரு நாள் சாப்பிடும்போது. "ஒரு துண்டு வயரைப் போட்டு அதைக் குருடாக்கிடலாம்னு பசங்க பேசிக்கிறாங்க. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். சீக்கிரம் ஏதாச்சும் செய்."

செய்தாள். வெல்டிங் வெளிச்சம் பெரிது, ஆனால் சோம்பேறி, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அதைவிடப் பல மடங்கு சுருக்கென்றும் சுரீரென்றும் எல்இடியைச் சிமிட்டினால் சென்சார் எது பொறி, எது வேலி என்று பிரித்துவிடும். பழைய சிமிட்டல் நொடியை லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. புதியது, நொடியைக் கோடிக் கூறாக்கினால் அதில் இரண்டு. அந்த இரண்டு கூறு நேரத்துக்குள் மூன்று ஆம்பியர் மின்சாரம் எல்இடிக்குள் பாய்ந்து, பாய்ந்த வேகத்திலேயே நிற்கவும் வேண்டும். மின்சாரத்தைத் திறந்துவிடுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. திறந்த வேகத்தில் மூடுவதுதான் வித்தை.

மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். முதல் வாரம், மின்துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பின் திரையில் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டிய துடிப்பு, படுத்துக் கிடக்கும் மேடு மாதிரி வந்தது. எல்இடியைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரை மாற்றினாள். அதைத் தட்டி எழுப்ப வேகமான சிப் ஒன்றை வைத்தாள். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரை எல்இடிக்கு ஒரு விரல் அகலம் கிட்டே நகர்த்தினாள், பிறகு அரை விரல், பிறகு ஒட்டியே வைத்தாள். இந்த வேகத்தில் வயர் என்பது வெறும் வயரில்லை, ஒவ்வொரு அங்குலமும் முரண்டு பிடிக்கும். பதினொரு எல்இடி கருகியது. கருகியதா இல்லையா என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாதே. கைபேசிக் கேமராவில் பார்த்தால்தான், உயிரோடிருப்பது ஊதாப் புள்ளியாகத் தெரியும். கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சுவர் நிமிர்ந்தது. அவள் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைக்கே அந்தத் திரையில் ஒரு பல்லையும் பார்த்தாள்.

எல்இடியின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டால் சென்சார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. வெளிச்சமே இல்லாத இடத்தில், வெளிச்சம் வந்த மாதிரி ஒரு சின்னப் பல் திரையில் முளைத்து நின்றது. வேகமான மின்சாரம் பக்கத்து வயரைத் தொடாமலே சீண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தொழிலில் இதற்கு ஒரு பழைய சமாதானம் உண்டு: ஸ்கோப்பைக் கார்டோடு தொடுக்கும் புரோப்பில் தொங்குகிற எர்த் வயர் நீளமாக இருந்தால் அதுவே இல்லாததையெல்லாம் இழுத்துக் காட்டும். எர்த் வயரைக் குட்டையாக்கினாள். பல் பாதியாகக் குறைந்தது. போகவில்லை. மீதிப் பாதியும் புரோப் செய்கிற குறும்புதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சென்சார் 'வெளிச்சம்' என்று ஒப்புக்கொள்ளும் அளவு அதைவிட நாலு மடங்கு மேலே இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. கீழ்ப்பாதிக்கான கார்டை எடுத்துப்போக ஆள் வந்து நின்றான். வீட்டில் ஒருவன் தினம் கேட்கிறான். சோதனைத் தாளில் 'வெளிச்சம் மறைந்தால் சென்சார் அடங்குகிறதா' என்ற வரிக்கு நேரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இதெல்லாம் பஸ்ஸில் அவளுக்கு நினைவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கணவன் புகழ்ந்ததையே திரும்பத் திரும்பச் சப்புக்கொட்டிக்கொண்டு போனாள். ஒரு தடவகூட நிக்கல. ஒரே ஒரு தடவகூட. மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும்தான் அது நெருடத் தொடங்கியது.

வெல்டிங் பிரிவு வருவதற்கு முன்னால், வேலி நல்லபடியாக இருந்த காலத்தில்கூட, அவன் வந்து திட்டுவான். அவசரத்தில் தகட்டை எடுக்கக் கை முந்திப் போகும், பிரஸ் நிற்கும், நாளைக்கு மூன்று நாலு தடவை. அவை நியாயமான நிறுத்தங்கள். மனுஷன் கை நாளைக்கு ஆயிரம் தடவை உள்ளே போய் வரும், அதில் நாலு தடவை முந்துவது இயல்பு. புதுக் கார்டு போட்டவுடன் வீண் நிறுத்தம் நின்றது சரி. அந்த நாலும் எங்கே போயிற்று?

கம்பெனி வரும்வரை அந்த நாலையே எண்ணிக்கொண்டு போனாள்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்தாள். கார்டு மாட்டிய அன்று பட்டறை வயர்மேன் பெருமையாக அனுப்பியது. அந்த ஆளுக்கு ஸ்கேல் என்று பெயர், எதையும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகச் செய்வான். படத்தில் எல்இடிக்குப் போகும் வயரும் சென்சாரிலிருந்து வரும் வயரும் ஒரே உறைக்குள் ஒன்றாகப் படுத்திருந்தன, அங்குலத்துக்கு ஒரு கட்டு. பார்க்கக் கண் கொள்ளாத அழகு. அவள் மேஜையில் அவை ஒரு கை தூரம் தள்ளித்தான் எப்போதும் கிடந்தன. ஸ்கேலைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எந்த ஸ்குரூவை எவ்வளவு இறுக்குவது என்றெல்லாம் தாளில் எழுதியவள், இவை இரண்டையும் சேர்த்துக் கட்டாதே என்று ஒரு வரி எழுதவில்லை.

மூன்று மீட்டர் வயரை வெட்டி, இரண்டையும் ஸ்கேல் கட்டிய மாதிரியே கட்டினாள். கார்டை ஓடவிட்டாள். எல்இடிக்கு டேப் ஒட்டினாள். பச்சை. எல்இடியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அப்போதும் பச்சை. திரையில் அந்தப் பல், சென்சார் வெளிச்சமென்று ஒப்புக்கொள்ளும் கோட்டைத் தாண்டி வளர்ந்து நின்றது. வேலி தன் சத்தத்தைத் தானே கேட்டு 'எல்லாம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மணி பத்தே முக்கால்.

அடுத்த பத்து நிமிஷம் அவள் செய்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றும் செய்யவில்லை, அதுதான் விஷயம். நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் போகலாம். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லி வயரைப் பிரித்துவிடலாம். பல்லைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். 'சரி' என்று எழுதிய தாள் கோப்புக்குள் தூங்குகிறது. யாருக்குத் தெரியும்? இன்னும் ஒரு நாள்தானே. அஞ்சு நாள் ஒன்றும் ஆகவில்லையே.

அப்போதுதான் 'கைய விட்டாத்தான் மூச்சு விடாம பாப்பான்' என்றது காதில் விழுந்த மாதிரி இருந்தது.

கணவனுக்குப் போன் அடித்தாள். பட்டறைக்குள் கைபேசி கூடாது, லாக்கரில் கிடந்து அடித்து ஓய்ந்தது. சூப்பர்வைசர் எடுக்கவில்லை. வாசல் காவலாளி எடுத்து, "சொல்றேம்மா," என்றான், சொல்லமாட்டான் என்று தெரிகிற குரலில். முதலாளி அறைக்குப் போய் ஒரே மூச்சில் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளியாளுங்க வந்திருக்கற நேரத்துலயா போய்ச் சொல்லப்போற? சாயங்காலம் பாத்துக்கலாம். அஞ்சு நாள் ஓடுன மிஷின் இன்னும் அஞ்சு மணி நேரம் ஓடாதா?"

அவள் நினைத்த அதே வார்த்தை இன்னொருவர் வாயில் வந்தது. அவள் வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள்.

பட்டறை வாசலில் காவலாளி நோட்டை நீட்டினான். பெயர், நேரம், வந்த காரணம். பேனாவை வாங்கியவள் காரணம் என்ற கட்டத்தைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். பின்னால் அவன் கத்தியது பிரஸ் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

தரையில் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் வெள்ளைத் தொப்பி போட்ட நாலு பேர் நின்றார்கள். பக்கத்தில் சூப்பர்வைசர். நடுவில் அவள் கணவன், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு. அவன் பெடலை மிதித்தான். பிரஸ்ஸின் மேல் அச்சு எண்ணெய் அழுத்தத்தில் மெல்ல இறங்கத் தொடங்கியது. அவன் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே, இயந்திரத்தைப் பார்க்காமல், வலது கையை நீட்டிக் கீழ் அச்சின் மேல் உள்ளங்கை தெரிய வைத்தான்.

அவள் கூவினாள். எல்லார் காதிலும் பஞ்சு. வேலியின் தலையில் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், எல்லாப் பட்டறையிலும் இருக்கும். அவள் அதை அறைந்தாள்.

பிரஸ் நின்றது. மேல் அச்சுக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

வரிசையிலிருந்த மற்ற இயந்திரங்களும் நின்றுபோக, திடீரென்று அவன் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது. "பாத்தீங்களா சார்? கைய வெச்ச உடனே நின்னுடுச்சு. கேரண்டி. என் வீட்டுக்காரி செஞ்சது." வெள்ளைத் தொப்பிகளில் ஒருவர் கைதட்டினார். அவன் திரும்பியவன் தூணருகில் அவளைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் பல். "அட, அவங்களே வந்துட்டாங்க."

கை இன்னும் அச்சின் மேலேயே இருந்தது.

"கைய எடுங்க," என்றாள்.

"ஏன், என்ன..."

"முதல்ல கைய எடுங்க."

எடுத்தான். அவளுக்குப் பொத்தானிலிருந்து உள்ளங்கையை எடுக்க மனம் வரவில்லை. திருகாமல் பொத்தான் தானாக மேலே எழும்பாது என்று தெரிந்தும் அமுக்கிக்கொண்டே நின்றாள்.

"அது நிறுத்தலங்க. நான்தான் நிறுத்தினேன்."

சூப்பர்வைசர் வேகமாகக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மா, எதுவா இருந்தாலும் வெளியில போய்ப் பேசுவோமே."

"விளக்கப் பாருங்க சார். அவர் கை உள்ள இருந்தப்பவும் பச்சைதான். அந்தக் கோலை எடுத்து விட்டுப் பாருங்க."

சோதனைக் கோல் சுவரில் ஆணியில் தொங்கியது, தூசி படிந்து. ஷிஃப்டுக்கு ஒரு தடவை அதை மேலிருந்து கீழ்வரை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவன் அதைத் தொட்டதேயில்லை. வீட்டுக்காரி செய்த வேலிக்குக் கோல் வைத்துப் பார்ப்பது அவளைச் சந்தேகப்படுகிற மாதிரி என்று அவனுக்கு ஒரு எண்ணம். ஸ்கேல் கோலை எடுத்து மேல்பாதியில் நீட்டினான். விளக்கு சிவந்தது. கீழே இறக்கினான். பச்சை. அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றான். பச்சை. கோலை இப்படியும் அப்படியும் ஆட்டினான். விளக்கு அசையவில்லை.

"காலைல நான் பாத்தேனே," என்றான் கணவன். "தினம் பாக்கறேன். கையை ஆட்டினேன், சிவந்துச்சு."

"மேல ஆட்டியிருப்பீங்க. மேல்பாதி பழைய கார்டு. கீழ்ப்பாதிக்குத்தான் புதுசு."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். அஞ்சு நாள் அந்த அச்சுக்குள் எத்தனை தடவை போய் வந்தது என்று எண்ணிப் பார்க்கிறான் போலிருந்தது. பிறகு, கூட்டம் இருப்பதையே மறந்தவனாக, வீட்டில் கேட்கிற குரலில் கேட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. இன்று காலையில்தான் கண்டுபிடித்தேன், ஓடி வந்தேன் என்றால் அதுவும் முழுப் பொய்யில்லை. ஓடி வந்து காப்பாற்றியவள் என்று நாலு பேர் சொல்வார்கள். அவன் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லித் திரிவான்.

"இவ்வளவு பெருசாகும்னு தெரியாது," என்றாள். "ஆனா அது இருக்கறது தெரியும். அனுப்பறதுக்கு முந்தின நாள் பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னு கையெழுத்துப் போட்டேன்."

வெள்ளைத் தொப்பி ஒருவர் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். அவள் கணவன் சுருட்டிவிட்ட சட்டைக் கையை மெதுவாக இறக்கி, மணிக்கட்டில் பொத்தான் போட்டுக்கொண்டான். ஒரு பொத்தானைப் போட அவன் அவ்வளவு நேரம் எடுத்து அவள் பார்த்ததில்லை.

அன்றைக்கே கார்டைக் கழற்றினாள். பிரஸ் ஓடக்கூடாது என்று எழுதி மாட்டினார்கள். முதலாளி கத்தவேண்டியதைக் கத்தினார். அவள் சோதனைத் தாளில் 'சரி'யை அடித்துவிட்டுப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். இவையெல்லாம் செய்யக்கூடிய காரியங்கள், செய்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவன் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், படுத்தான். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினான். பாதியில் நிறுத்தி, அவிழ்த்து, மறுபடி பின்னினான்.

"நேத்து ஜெயிச்சியா?" என்று கேட்டான்.

"ரெண்டாவது. இன்னைக்கு கோ-கோ இருக்கு. அவுந்துடாதுல்லப்பா?"

சமையலறையில் டப்பாவை மூடிக்கொண்டிருந்தவள் கை நின்றது. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். அவன் ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டான். பின்னலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

"தெரியலம்மா," என்றான். "அவுந்தா வந்து சொல்லு."